மூன்றாவது கட்டடத்துக்குப் பரீட்சை

நான் இருக்கும் இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஓசி விளம்பரம் ஆகிவிடும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், வண்டி மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், நேற்றுவரை மரவள்ளி விளைந்த நிலத்தில் கட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு நீரூற்று. நீரூற்றுக்குப் பின்னால் கல் யானை. யானைக்குப் பின்னால் நாங்கள், கிழடு கட்டைகள். விளம்பரப் பலகையில் மட்டும் எங்களுக்கு 'மூத்த குடியினர்' என்று பெயர்.

மூன்று வகைக் கட்டடம். முதலில் தனித்தனி வீடுகள். அதற்கு வில்லா என்று பெயர். தன் காலில் நிற்கிறவர்களுக்கு. இரண்டாவது கட்டடம், குளிக்கவும் மாத்திரை விழுங்கவும் கைகொடுக்க ஆள் வேண்டியவர்களுக்கு. மூன்றாவது, பின்பக்க மதிலை ஒட்டி இருப்பது, மறதி நோய் முற்றி நினைவு தப்பியவர்களுக்கு. ஒரு மனிதன் எந்த நிலைக்கு வந்தாலும் இந்த மதிலுக்குள்ளேயே வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வோம் என்பதுதான் இவர்கள் விற்கிற சரக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கறிக்கடைக்காரன்கூட ஆட்டைக் கடைசிவரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான்.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் என்ற பத்திரம் மட்டும் என் பெயரில் பதிவாகவில்லை. ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை வாசித்தவள், எனக்கென்று ஒரு கூரை வாங்கியது இங்கேதான். அதையும் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. என் காலத்துக்குப் பிறகு அது திரும்ப அவர்களுக்கே போய்விடும். ஷரத்துகளை ஒன்று விடாமல் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பும் பாக்கியமும் எனக்கு இல்லை. சமைத்துச் சலித்துப்போய், தெரிந்தே வந்து விழுந்தேன்.

சேவைகளுக்குக் குறைவில்லை. குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். வழுக்கி விழுந்தால் அதை இழுக்க வேண்டும், நர்ஸ் ஓடி வருவாள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அதில் ஈரத் துண்டைக் காயப் போட்டார்கள். முதல் மாதம் நர்ஸ் ஓடி ஓடிக் களைத்தாள். அதற்குப் பிறகு யாராவது உண்மையாகவே விழுந்து கயிற்றை இழுத்தாலும் துண்டு என்றே நினைத்துக்கொண்டாள். காலையில் சிரிப்பு யோகா. எங்களை வரிசையாக நிற்கவைத்து, காரணமே இல்லாமல் ஹா ஹா என்று சிரிக்கச் சொல்வான் ஒருவன். காரணத்தோடு சிரிக்க அங்கே எவ்வளவோ இருந்தது, முதலில் அவன் போட்டிருந்த அரைக்கால் சட்டை.

சாப்பாட்டுக் கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மலை உணவு. மேலே வெள்ளிமலைப் பக்கத்தில் விளைகிற சாமையைக் கொண்டுவந்து, கிண்ணத்தில் கையளவு வைத்து, உச்சியில் ஒரு கொத்துமல்லித் தழையை நட்டு, மில்லட் பௌல் என்று பெயர் சூட்டிக் கொடுப்பார்கள். சின்ன வயதில் சாமைச் சோற்றைக் கண்டால் அழுதவர்கள் எல்லாம் அதை ஸ்பூனால் கிளறி, 'வெரி ஹெல்தி' என்று தலையாட்டுவார்கள். பிறந்தநாள் வந்தால் கேக். எங்கள் தலைமுறைக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட தேதி. அதனால் ஜூன் பிறந்தால் வளாகத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள். மேனேஜர் பையன் அதைப் பார்த்து, "என்ன ஒரு கோ-இன்சிடன்ஸ் மேடம்" என்று பூரித்துப்போனான். நான் திருத்தவில்லை. கேக் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது கட்டடத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். வங்கி அதிகாரியாக இருந்தவர், எஞ்சினியராக இருந்தவர், ஆங்கிலத்தில் பேசியே எங்களைக் கொல்கிற எல்லோரும் நடைப்பயிற்சியில் அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. அதன் கதவில் எண் பூட்டு. உள்ளே முற்றத்தில் ஒரு பஸ் ஸ்டாப் கட்டி வைத்திருக்கிறார்கள். கூரை, பெஞ்சு, ஊர்ப் பெயர் எழுதிய பலகை எல்லாம் உண்டு. பஸ்தான் வராது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை அதில் உட்கார வைத்தால், காத்திருந்து காத்திருந்து எதற்கு உட்கார்ந்தோம் என்பதையே மறந்துவிடுவார்களாம். வெளிநாட்டில் கண்டுபிடித்த முறை என்று மேனேஜருக்கு அதில் பெருமை. பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி ஆயுளைத் தொலைத்தவர்கள் நாங்கள். மீதியையும் அதே பெஞ்சில் தொலைக்கச் சொல்கிறான்.

இன்னொரு விதியும் உண்டு. விற்கும்போது காட்டுகிற படத்தில் ஒரு கிழவரும் கிழவியும் கைகோத்துக்கொண்டு மலையைப் பார்ப்பார்கள், கீழே 'கடைசிவரை ஒன்றாக' என்று எழுதியிருக்கும். ஆனால் தம்பதியில் ஒருவர் மூன்றாவது கட்டடத்துக்குப் போனால் மற்றவர் கூடப் போக முடியாது. மாலை நாலிலிருந்து ஐந்து வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். புத்தி தெளிவாக இருக்கிறவர்கள் உள்ளே தங்கினால் மற்ற நோயாளிகளுக்குக் குழப்பமாம். இதுவும் ஷரத்தில் இருந்தது. படத்தில்தான் இல்லை.

எனக்கு அடுத்த வீட்டில் அப்போது ஒரு விவசாயத் தம்பதி இருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போட்டவர்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். கழனியைக் குத்தகைக்கு விட்டு, மாட்டை விற்று, அப்பனையும் ஆத்தாளையும் காரில் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் காட்டுவான். அந்த அம்மாள் சாப்பாட்டுக் கூடத்தில் வெற்றிலை போடுகிறாள் என்று எஞ்சினியரின் மனைவி புகார் கொடுத்தாள். அதற்காகவே நானும் அவளோடு சேர்ந்து வெற்றிலை போடப் பழகினேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை ஆபீசரம்மா என்பாள்.

அவள் கணவர் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக எப்போதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் போனாலும், "வாங்க, சாப்ட்டீங்களா?" என்று ஒரு சிரிப்பு. எவ்வளவு பண்பானவர் என்று வளாகமே மெச்சியது. இந்த இடத்தில் பண்புக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். மேனேஜரும் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிச் சம்பளம் வாங்குகிறான்.

ஒரு காலையில் அவர் என் வாசலில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, அவசரம் இருந்தது.

"கட்டிங் ஆர்டர் வந்துட்ச்சா? வெட்டாளுங்க எப்ப வராங்க?"

கரும்பு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால்தான் கரும்பை வெட்ட முடியும். அது வருகிற வரைக்கும் விவசாயிக்குத் தூக்கம் வராது. அவர் கரும்பு வெட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "தமாசு பண்றாருங்க. சும்மா தமாசு" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆள்மாறாட்டம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. எதிரே இருப்பவன் தான் யாரென்று தெரிந்து உட்கார்ந்திருக்கிறானா, யாரோ சொல்லிக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறானா என்று அவன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவேன். அன்றைக்கு மத்தியானம் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு வருசமா இப்டித்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினு இருக்குது. இப்ப ஜாஸ்தி ஆயிட்ச்சி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆபீசரம்மா. அந்தப் பின்னாடி கட்டடத்துக்கு இட்டுக்கினு பூட்டாங்கன்னா, நான் இல்லாம அவுரு ஒரு வாய் சாப்புட மாட்டாரு."

"நீங்களும் சேர்ந்து உள்ளே போக முடியாது, தெரியுமில்ல?"

"தெரியுங்க. போவ முடிஞ்சாலும் இன்னா பண்றது, பூட்டுன கதவுக்குள்ள அவுரால இருக்க முடியாது. மேட்டுலயும் பள்ளத்துலயும் திரிஞ்ச மனுசன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவள் மூன்று வேளையும் செய்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாராவது அவரிடம் ஏதாவது கேட்க வாய் திறந்தால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் இவள் முந்திக்கொள்வாள். "இப்பதான் இட்லி துன்னாரு." "இன்னிக்கி வெள்ளிக்கிழமன்னு காலைலயே தலைக்கு ஊத்திக்கினாரு." "பையன்கூட நேத்துதான் ஃபோன்ல பேசிக்கினு இருந்தாரு." அவர் ஆமாம் என்று சிரிப்பார். மகனே கண்டுபிடிக்கவில்லை. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் முகம் பார்க்கிறவன் என்னத்தைக் கண்டுபிடிப்பான்.

அப்போதுதான் அந்த வருடாந்தரப் பரிசோதனை வந்தது. சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை ஒரு பெண் வருவாள், மனநலம் பார்க்க. டாக்டர் படிப்புப் படித்தவள் இல்லை, ஆனால் டாக்டர் என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். எங்களை அவள் ஆன்ட்டி, அங்கிள் என்பாள். உற்சாகம் கூடினால் 'யங் லேடி' என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டபோதெல்லாம் எனக்குக் கை பரபரத்தது.

முதலில் அக்காவின் கணவரைச் சோதித்தாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் வழக்கம்போல முந்திக்கொண்டாள். "சோ ஸ்வீட், அங்கிளைப் பேசவே விட மாட்டேங்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் டிக் அடித்தாள். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஃபைலைப் பார்த்து அவளே அந்தப் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைத்தாள். அடுத்து அக்காவின் முறை. அங்கிள் வெளியே இருக்கட்டும் என்று அவரை அனுப்பிவிட்டாள். பிறகு நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னாள்.

"ஆன்ட்டி, உங்க ஹஸ்பண்ட் பேரு என்ன?"

"இப்ப வெளிய போனாரே, அவுருதாம்மா."

"அவர் பேரைச் சொல்லுங்க."

"சாமி பேருதாம்மா. ஆடிக் கிருத்திகைக்கு மொட்ட போடுவாங்களே, அந்த சாமி."

"பேரு வேணும் ஆன்ட்டி."

"எங்க சின்னப் பேரனுக்கும் அதே பேருதான். அவன் இருந்தா சொல்லுவான்."

சென்னைப் பெண் என்ன எழுதினாள் என்பதை மேனேஜர் எனக்கு வாசித்துக் காட்டினான். கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை, கோயில், மொட்டை என்று தொடர்பில்லாமல் பேசுகிறார், கணவர் பெயர் நினைவில்லை. ஆக, நினைவு தப்பியவர் பாஸ். அவருடைய நினைவையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தவள் ஃபெயில். மூன்றாவது கட்டடத்தில் அடுத்துக் காலியாகிற கட்டில் அக்காவுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. மகனிடமும் பேசிவிட்டார்கள். அம்மா அங்கே போய்விட்டால் அப்பா ஒருவருக்காக வில்லா எதற்கு, பெங்களூருக்கே கூட்டிப் போய்விடுகிறேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஒருத்தி மலையடிவாரத்தில் பூட்டுக்குள்ளே, இன்னொருவர் பெங்களூரில் பதினோராவது மாடியில். கடைசிவரை ஒன்றாக!

நான் சொன்னேன்: "அக்கா, பேசாம உண்மையைச் சொல்லிடலாம். அவருக்குத்தான் மறதின்னு."

"சொன்னா அவுர உள்ள போட்ருவாங்க, என்ன வெளிய வெச்சிருவாங்க. அப்பவும் தனித்தனியாத்தான் ஆவும்."

"அப்போ பேரைச் சொல்லித் தொலைங்க. மறுபடியும் பரீட்சை வைக்கச் சொல்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பேரச் சொன்னா அவுருக்கு ஆயுசு கம்மி ஆவும்ங்க. இத்தினி வருசமா சொல்லாத பேர இந்தக் கட்டடத்துக்காவ சொல்வனா?"

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பத்திரப் பதிவுக்கு வந்த எத்தனை பெண்களை இதே கேள்வி கேட்டிருக்கிறேன். கணவர் பெயர் என்றால் தலையைக் குனிவார்கள், பத்திரம் எழுதுகிறவரைக் கையால் காட்டுவார்கள், பக்கத்தில் நிற்கிற கொழுந்தனை இடிப்பார்கள். கடைசியில் நானே பெயரை வாசித்து, இவர்தானே என்பேன். தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் போதும். அதன் பேரில் ஏக்கர் ஏக்கராக நிலம் கைமாறியிருக்கிறது. ஒரு கோர்ட்டும் அதைச் செல்லாது என்று சொன்னதில்லை. இதைச் சொல்லத்தான் அந்தச் சென்னைப் பெண் அடுத்த முறை வந்தபோது நேராக அவள் அறைக்குப் போனேன்.

"ஓ, இட்ஸ் எ கல்ச்சரல் திங்!" என்று அவள் நாற்காலியிலேயே நிமிர்ந்தாள். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் மேடம் என்று ஃபோனில் குறித்துக்கொண்டாள். மலையேறிப் புதுப் பறவையைப் பார்த்த வெள்ளைக்காரன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான். நம் வழக்கத்தைத் தன் வாயாலேயே இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தால்தான் சிலருக்குக் காதில் விழுகிறது.

"நீங்க பேரை வாசிங்க, அந்த அம்மா தலையாட்டுவாங்க. அது போதும்" என்றேன்.

"அது லீடிங் கொஸ்டின் ஆயிடும் மேடம், பதிலை நானே எடுத்துக் குடுத்த மாதிரி. நான் ஒண்ணு பண்றேன். நெக்ஸ்ட் மன்த் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்கிறேன், அதுவரைக்கும் ஆன்ட்டியை மாத்த வேண்டாம்னு சொல்லிடறேன். அங்கிள் அவர் பேரைச் சொல்லட்டும், ஆன்ட்டி ஆமான்னு சொல்லட்டும். பியூட்டிஃபுலா இருக்கும். நீங்களும் வாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வேண்டாம் என்றேன். ஏன் மேடம் என்றாள். என்ன சொல்ல முடியும்? அவருக்கு அவர் பெயரே தெரியாது என்றா? அவள் அதற்குள் மேனேஜரை ஃபோனில் கூப்பிட்டு, வீடியோ எடுத்தால் வெப்சைட்டில் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் வந்து சொன்னபோது அவள் அழவில்லை.

"நாளு, கெழமை, ஊரு, புள்ள பேரு, எல்லாம் நான் சொல்லித் தந்துருவேங்க. காலைல எழுப்பும்போதே சொல்ல ஆரம்பிச்சேன்னா மத்தியானம் வரைக்கும் நிக்கும். இந்த ஒண்ணுதான் என்னால சொல்லித் தர முடியாது. நீங்க ஆபீசரு. நீங்க பேரச் சொன்னா தப்பு இல்ல. தெனம் காலைல வந்து அவுருக்கு அவுரு பேரச் சொல்லிக் குடுத்துட்டுப் போறீங்களா?"

அப்படித்தான் கல்யாணமே ஆகாத நான், அடுத்த வீட்டு ஆண்பிள்ளைக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்துக்கு வந்தேன். சிரிப்பு யோகாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, தினமும் காலையில் அவர் வாசலுக்குப் போய் நின்று, உரக்கப் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் சொல்லாததை நான் எழுதுவானேன். சில நாள், "ஆமா, நாந்தான், வாங்க" என்பார். சில நாள் நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று தன் பின்னால் திரும்பிப் பார்ப்பார். நான் பெயரைச் சொல்கிற ஒவ்வொரு முறையும் அக்கா, ஏதோ வேலை இருப்பதுபோல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போகிற முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும். அந்த வயதில் ஒரு பெண் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

எதிரே நடந்து போன எஞ்சினியரின் மனைவி இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, நாலு பேரிடம் சொன்னாள். கல்யாணம் ஆகாதவள் கடைசிக் காலத்தில் கரும்புக்காரரைப் பிடித்துக்கொண்டாள் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு ஓடியது. மூளை நன்றாக வேலை செய்கிறவர்கள் என்று சான்று பெற்றவர்கள் இவர்கள்.

அந்த நாளும் வந்தது. அறையில் மேசை மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்கள். மேனேஜர் கழுத்தில் டையும் கையில் ஃபோனுமாக ஒரு மூலையில் நின்று படம் பிடித்தான். என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எடுத்துக் கொடுக்கக் கூடாது மேடம் என்று சிரித்தாள் அந்தப் பெண். நான் அன்று காலையில் இரண்டு தடவை பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். இரண்டு தடவையும் ஆமா நாந்தான் என்று சொன்னார். அதனால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட இருந்தது.

"அங்கிள், உங்க பேரு என்ன?"

"வாங்க, சாப்ட்டீங்களா?"

அவள் சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டாள். அவர் வழக்கம்போல அக்கா பக்கம் திரும்பினார். எந்தக் கேள்விக்கும் விடை அங்கேயிருந்துதான் வரும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "மேடம், ப்ளீஸ்" என்று அந்தப் பெண் கையை உயர்த்தினாள்.

"அங்கிள், பேரு? உங்க பேரு?"

அவர் நெற்றி சுருங்கியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மேனேஜர் படம் நன்றாக விழட்டும் என்று இன்னும் கிட்டே வந்து ஃபோனை நீட்டினான்.

அப்போது அக்கா பெயரைச் சொன்னாள். முணுமுணுக்கவில்லை. கரும்புக் கொல்லையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுவதுபோல, முழுப் பெயரையும் உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. வாசலுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு அவளிடம் சொன்னார்:

"அவுரு இல்லீங்களே. கயினிக்குப் போயிருக்காரு. யாரு வந்ததுன்னு சொல்றது?"

மேனேஜர் ஃபோனை இறக்கினான். அவன் செய்து நான் பார்த்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தப் பெண் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில் பேசினாள். ஆன்ட்டி நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கிறார், முதல் தடவை எழுதியது தவறு, அதை ரத்து செய்துவிடுகிறேன். ஆனால் அங்கிளை இனி வில்லாவில் வைக்க முடியாது.

"நீங்க டெய்லி போய்ப் பாக்கலாம் ஆன்ட்டி. ஃபோர் டு ஃபைவ்."

"நான் போய் அவுரப் பாத்துட்டு, திரும்பி வந்துடணுமா?" என்று பொத்திய கைக்குள்ளிருந்தே அக்கா கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி."

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். கணவரை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவுரு யாருன்னே எனுக்குத் தெர்லமா" என்றாள். "எழுதிக்கோ."

"ஆன்ட்டி, இப்பதானே பேரு சொன்னீங்க?"

"இன்னா பேரு? நான் இன்னாத்த சொன்னேன்? எனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் ஃபெயிலுன்னு எழுதுமா."

அந்தப் பெண் பரிதாபமாக என் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்கதானே வந்து ஆர்க்யூ பண்ணீங்க, ஆன்ட்டி நார்மல்னு."

பொய்ச் சாட்சி சொல்கிறவர்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பார்த்தே என் காலம் போனது. அவர்கள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், தேவைக்கு மேல் பேசுவார்கள். நான் அந்தச் சென்னைப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன்.

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். "இந்தம்மாவுக்கு ரொம்ப நாளாவே நினைவு சரியில்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ளே அனுப்பிடுங்க."

அவள் நம்பினாளா என்று தெரியாது. அக்காவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து எழுதினாள்.

இருவரும் இப்போது உள்ளே ஒரே அறையில் இருக்கிறார்கள். நாலிலிருந்து ஐந்து வரை நான் வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறேன். அக்கா அவருக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். ஊட்டிக்கொண்டே எஞ்சினியரின் மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஒன்று விடாமல் விசாரிப்பாள். மேனேஜர் எட்டிப் பார்த்தால் மட்டும், "நீங்க யாருங்க?" என்று என்னைக் கேட்பாள்.